இரவுக் காட்சி ஸ்கிரீன்கேப்பில் வண்ணம் ஏற்றும்போது முகம் சாம்பலாகிறது. திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

மைத்துளி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் வெவ்வேறு அத்தியாயங்களிலிருந்து ஆறு ஸ்கிரீன்கேப்களை (வீடியோவிலிருந்து பிடித்த நிலைப்படங்களை) தேர்ந்தெடுத்து, ஆறும் ஒரே வண்ணச் சாயலில் அமையும்படி ஒரு ரசிகர் படத்தொகுப்பைச் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று படங்கள் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட காட்சிகள், இரண்டு நீலச் சாயை படிந்த இரவுக் காட்சிகள், எஞ்சிய ஒன்று மங்கலான மஞ்சள் விளக்கொளியில் அமைந்த உள்ளறைக் காட்சி.

இணையத்தில் ஒருவர் எல்லோரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பகிர்ந்திருந்த ஆயத்த பிஎஸ்டி வண்ணக் கோப்பை (லேயர்கள் என்னும் அடுக்குகள் கொண்ட ஃபோட்டோஷாப் கோப்பு) படங்களின்மேல் இட்டுப் பார்த்தேன். பகல் படங்களில் அது நன்றாகவே பொருந்தியது. இரவுப் படங்களில் நாயகியின் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. அவர் ஆழ்ந்த பழுப்பு நிறத் தோலுடையவர். வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி படத்தை வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் கலப்பு முறையில் லேயர்களைச் சேர்த்தால் முகம் வெளிறி, அவர் வேறொருவராகவே தெரிகிறார். குறிப்பிட்ட நிறங்களை மட்டும் மாற்றும் செலக்டிவ் கலரில் சிவப்பைக் கூட்டினால் முகம் அசையாமல் கிடக்க, உதடும் பின்னாலுள்ள செங்கல் சுவரும் மட்டும் பற்றியெரிகின்றன. இவை போதாதென்று, கறுப்பாக இருக்க வேண்டிய பகுதிகள் மூட்டமாகவும் சிறு சிறு கட்டங்களாகவும் தோன்றுகின்றன.

நான் பயன்படுத்துவது ஃபோட்டோஷாப். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டு, கணினித் திரையை அப்படியே படம்பிடித்து 1920×1080 பிக்சல் அளவில் வைத்திருக்கிறேன். பிழை மூலப்படத்தில் இருக்கிறதா, வண்ணக் கோப்பில் இருக்கிறதா, அல்லது நான் செய்யும் வரிசையே தவறானதா என்பதை யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். முகத்தின் இயல்பான நிறத்தை இழக்காமல் ஆறு படங்களையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவர வழி உண்டா?

அலைவரிசை எழுதுகிறார்:

வணக்கம் மைத்துளி. வண்ணத்துக்குள் நுழையும் முன் மூலப்படத்தைச் சோதித்துவிடுவது நல்லது, ஏனெனில் நீங்கள் சொல்லும் மூட்டமான கறுப்பு பெரும்பாலும் எடுத்த விதத்திலிருந்து வருவது.

உங்கள் தொடர் அகலத்திரை வடிவில் இருந்து, படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருந்தால், ஐட்ராப்பர் கருவியை அந்தப் பட்டையின்மேல் வைத்து இன்ஃபோ பேனலில் தெரியும் எண்களைப் பாருங்கள். அங்கே 0, 0, 0 இருக்க வேண்டும். 16, 16, 16 என்றோ அதற்கு அருகிலோ இருந்தால், வீடியோவின் ஒளி வரம்பு தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தொலைக்காட்சி வீடியோவில் 8 பிட் முறையில் கறுப்பு 16 என்றும் வெள்ளை 235 என்றும் பதியப்படுகின்றன; கணினித் திரையோ 0 முதல் 255 வரையான முழு வரம்பை எதிர்பார்க்கிறது. இடையில் இருக்கும் பிளேயரோ கிராஃபிக்ஸ் இயக்கியோ அந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால், கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் வந்து நிற்கும். இதற்கு எந்த வண்ணக் கோப்பும் மருந்தாகாது. கறுப்பு, வெள்ளை எல்லைகளை மாற்றும் லெவல்ஸ் லேயர் ஒன்றை இட்டு, உள்ளீட்டில் இடப்பக்க எண்ணை 16 என்றும் வலப்பக்க எண்ணை 235 என்றும் மாற்றினால் பட்டை கறுப்பாகிவிடும். பட்டை ஏற்கெனவே 0 ஆக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். செய்தால் நிழலிலுள்ள நுணுக்கங்கள் அழிந்துபோகும்.

திரையைப் படம்பிடிப்பதற்குப் பதிலாக, உங்களிடம் உள்ள வட்டிலிருந்தோ கோப்பிலிருந்தோ பிளேயரின் ஸ்னாப்ஷாட் வசதியைக் கொண்டே எடுப்பது மேலானது. திரைப்பிடிப்பில் உங்கள் திரையின் அளவு, அதன் நிற அமைப்பு, பிளேயர் செய்யும் பெரிதாக்கல் ஆகிய அனைத்தும் படத்துக்குள் கலந்துவிடும். விண்டோஸில் விஎல்சி பிளேயரில் ஷிஃப்ட்டுடன் எஸ் விசையை அழுத்தினால் ஃபிரேம் அதன் இயல்பான அளவில் சேமிக்கப்படும். ஈ விசை ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்தும். எம்பிவி பிளேயரில் புள்ளி விசை முன்னேயும் காற்புள்ளி விசை பின்னேயும் நகர்த்தும். அதில் படங்கள் இயல்பாக ஜேபெக் வடிவில் சேமிக்கப்படுவதால், அமைப்புக் கோப்பில் அதைப் பிஎன்ஜி என்று மாற்றிவிடுங்கள். வீடியோவே ஒருமுறை கடுமையாகச் சுருக்கப்பட்டது. அதை மீண்டும் ஜேபெக்காகச் சுருக்கி, அதன்மேல் கான்ட்ராஸ்ட் கூட்டும்போது நீங்கள் பார்த்த கட்டங்கள் இன்னும் துருத்திக்கொண்டு வெளிவரும்.

ஃபிரேமைத் தேர்வதிலும் பொறுமை வேண்டும். வீடியோவில் சில ஃபிரேம்கள் மட்டுமே முழுமையாகப் பதியப்படுகின்றன. மற்றவை அவற்றிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கின்றன. ஆகவே ஒரே ஷாட்டில் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கிடையே தெளிவு வேறுபடும். நடிகர் தலையைத் திருப்பி முடித்து, கண் ஒரு புள்ளியில் நிலைக்கும் இடத்தைத் தேடி, அங்கே முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்து, மயிரிழைகள் பிரிந்து தெரியும் ஃபிரேமை எடுங்கள்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். மூலம் எச்டிஆர் (அதிக ஒளி வரம்புள்ள) வீடியோவாக இருந்தால், டோன் மேப்பிங் (அந்த வரம்பைச் சாதாரணத் திரைக்கு ஏற்பச் சுருக்குவது) செய்யாத ஸ்கிரீன்கேப் எப்போதும் சாயம் போனதுபோல்தான் வரும். அதே அத்தியாயத்தின் சாதாரண எஸ்டிஆர் பதிப்பு கிடைத்தால் அதையே நாடுங்கள். பழைய ஒளிபரப்புப் பதிவாக இருந்து, அசையும் விளிம்புகளில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரிந்தால், அது இன்டர்லேஸ் செய்யப்பட்டது, அதாவது ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் வெவ்வேறு கணங்களில் பதியப்பட்டவை. பிளேயரில் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கிய பிறகே படம் எடுக்க வேண்டும்.

நிறமாலை எழுதுகிறார்:

அலைவரிசை சொன்னதைச் செய்து முடித்த பிறகு இதைப் படியுங்கள். உங்கள் கேள்வியில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. படத்திலுள்ள சாயையை நீக்கி இயல்புக்குக் கொண்டுவருவது ஒன்று. இயல்புக்கு வந்த படத்தின்மேல் நாம் விரும்பும் சாயலை ஏற்றுவது இன்னொன்று. ஆயத்த பிஎஸ்டி கோப்பில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதைச் செய்தவர் தம் கையிலிருந்த ஒரு படத்தின் குறைகளைத் திருத்திய லேயர்களும் அதில் உண்டு. அவை இன்னொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போன்றவை. உங்கள் பகல் படங்கள் தற்செயலாக அவர் படத்தை ஒத்திருந்தன, இரவுப் படங்கள் ஒத்திருக்கவில்லை. என்னைக் கேட்டால், ஆயத்தக் கோப்பைத் திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்தும் ஏற்றியும் அவர் என்ன செய்திருக்கிறார் என்று படிப்பதற்குப் பயன்படுத்தலாம். அப்படியே இடுவதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இனி வெளிறும் சிக்கல். ஸ்கிரீன் முறை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு நேர்ந்தது விளங்கிவிடும். அது இரண்டு லேயர்களையும் தலைகீழாக்கிப் பெருக்கி, விடையை மீண்டும் தலைகீழாக்குகிறது. ஒரே படத்தின் நகலை அதன்மேல் ஸ்கிரீனில் வைத்தால், 200 என்ற மதிப்பு 243 ஆகும். 60 என்ற மதிப்போ 106 ஆகும். அந்த 60 இன்னொரு நகலை வைத்தால் 141, மூன்றாவதில் 168 ஆகும்; 200 என்ற மதிப்போ மூன்று நகல்களுக்குப் பின்னும் 254 வரையே போகும். அதாவது ஏற்கெனவே வெளிச்சமாக இருப்பவை அதிகம் நகர்வதில்லை. இருண்ட இடைநிலை நிறங்கள்தாம் பெருந்தொலைவு இடம்பெயர்கின்றன. ஆழ்ந்த நிறத் தோல் இருப்பது அந்த இடைநிலையில்தான். சிவப்பு 90, பச்சை 60, நீலம் 40 என்ற அடர்ந்த பழுப்பு, மூன்று ஸ்கிரீன் நகல்களுக்குப் பின் 210, 168, 126 என்ற வெளிர் சந்தன நிறமாகிவிடும். அதே படத்தில் வெளிர் நிறத் தோலுடையவர் ஒருவர் நின்றால் அவர் சற்றே பளிச்சென்று ஆவார், அவ்வளவுதான். பலரும் இது தங்கள் ரசனை என்று நினைத்துக்கொண்டு ஆழ்நிற நடிகர்களை வெளுப்பாக்கிப் படம் வெளியிடுவதற்கும், பார்ப்பவர்கள் அதைக் கண்டு மனம் நோவதற்கும் இந்தக் கணக்கே காரணம். அதனால் இரண்டு மூன்று ஸ்கிரீன் லேயர்களோடு தொடங்கும் எந்த வழிகாட்டியையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

வெளிச்சம் வேண்டுமானால், ஒளியை ஒரு வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் லேயரைப் பயன்படுத்துங்கள். உள்ளீடு 200க்கு அருகில் ஒரு புள்ளியை ஊன்றி அதை அசையாமல் வைத்துவிட்டு, 60க்கு அருகில் இன்னொரு புள்ளியை இட்டு 80 வரை மட்டும் உயர்த்துங்கள். லேயரின் கலப்பு முறையை லூமினாசிட்டி என்று மாற்றினால் நிறம் நகராமல் ஒளி மட்டும் உயரும். முகத்தில் பார்க்க வேண்டிய இடம் கன்னமேட்டின் ஒளிர்வும் அதன் கீழுள்ள நிழலும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறையத் தொடங்கினால், நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்து நீலச் சாயை. சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளைத் தனித்தனியே காட்டும் சேனல்ஸ் பேனலில் சிவப்புச் சேனலை மட்டும் தனியே திறந்து பாருங்கள். உங்கள் இரவுப் படத்தில் அது ஏறக்குறைய முழுவதும் இருண்டும், புள்ளிகள் நிறைந்தும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். முகத்தின் உருவமே சிவப்புச் சேனலில் இல்லையென்றால், சிவப்பை எவ்வளவு கூட்டினாலும் கூடுவது இரைச்சல்தான். செலக்டிவ் கலர் உங்களைக் கைவிட்டதும் இங்கேதான்: அதிலுள்ள ரெட்ஸ் பகுதி, ஒரு பிக்சலில் சிவப்பு மேலோங்கியிருந்தால் மட்டுமே அதைத் தொடும். சாம்பலான முகம் நியூட்ரல்ஸ் பகுதியிலும், நீலம் படிந்த முகம் சயான்ஸ் அல்லது புளூஸ் பகுதியிலும் விழுகின்றன. ஆகவே நீங்கள் ரெட்ஸை இழுக்க இழுக்க, ஏற்கெனவே சிவப்பாக இருந்த உதடும் செங்கல்லும் மட்டுமே நகர்ந்தன.

இந்த நிலையில் உதவுவது சேனல் மிக்ஸர். வெளியீட்டுச் சேனலாகச் சிவப்பைத் தேர்ந்து, சிவப்பின் பங்கை 70 விழுக்காடாகக் குறைத்து, பச்சையின் பங்கை 30 விழுக்காடாக ஏற்றுங்கள். கூட்டுத்தொகை 100 ஆகவே இருப்பதால் சாம்பல் நிறங்கள் நகராது. பச்சைச் சேனலில் நன்றாகப் பதிந்திருக்கும் முக உருவம் சிவப்புக்குக் கடனாகக் கிடைக்கும். ஆனால் சிவப்பும் பச்சையும் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையிலான நிற வேறுபாடு மறைந்து படமே இருநிறப் படம்போல் ஆகும் என்பதால், 40 விழுக்காட்டுக்கு மேல் கடன் வாங்குவதை நான் தவிர்ப்பேன். இதன் மேல் லெவல்ஸ் லேயர் ஒன்றை இட்டு, மூன்று சேனல்களையும் தனித்தனியே எடுத்து, ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளின் வரைபடம்) வலப்பக்கம் எங்கே முடிகிறதோ அதுவரை வெள்ளை முனையை இழுத்து வாருங்கள். நீலச் சேனலில் நடுமுனையைச் சற்று வலப்பக்கம் தள்ளினால் எஞ்சிய நீலமும் தணியும்.

இப்போதுதான் செலக்டிவ் கலருக்கு வேலை. முகம் ரெட்ஸ், யெல்லோஸ் பகுதிகளுக்குள் வந்துவிட்டது. ரிலேட்டிவ் முறையிலேயே இருங்கள். அப்சல்யூட் முறை இந்த வேலைக்கு முரட்டுத்தனமானது. முகம் ஆரஞ்சாகத் தெரிந்தால் ரெட்ஸில் மஞ்சளை 10 அளவுக்குக் குறைத்து, யெல்லோஸில் மெஜன்டாவைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். ஆழ்ந்த நிறத் தோலுக்கு நியூட்ரல்ஸ் பகுதியில் கறுப்பை 3 அல்லது 5 கூட்டினாலே இழந்த அடர்த்தி திரும்பிவிடும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது சில நிமிடங்களிலேயே எந்தச் சாயைக்கும் பழகிவிடும். இன்ஃபோ பேனலில் எச்எஸ்பி எண்களை (ஹ்யூ என்னும் நிறம், செறிவு, ஒளிர்வு) காட்டும்படி அமைத்துக் கன்னத்தில் ஐட்ராப்பரை வையுங்கள். இயல்பான ஒளியில், வெளிர் தோலாக இருந்தாலும் ஆழ்ந்த தோலாக இருந்தாலும், ஹ்யூ எண் பெரும்பாலும் 10 முதல் 35 பாகைக்குள் நிற்கும். மாறுபடுவது ஒளிர்வும் செறிவும்தான். காணொளி வண்ணக் கலைஞர்கள் நிறத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப்பில் தோல்நிறத்துக்கென்று ஒரே ஒரு கோட்டை வைத்திருப்பதும் இதனால்தான். அதே நடிகையின் பகல் படம் உங்களிடம் இருக்கிறது அல்லவா? அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது.

கூர்முனை எழுதுகிறார்:

நிறமாலையின் கணக்குகளை மறுக்கவில்லை. ஆனால் நீலத்தை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒளிப்பதிவாளரும் நிறத்திருத்தக் கலைஞரும் அந்தக் காட்சிக்கு நீலத்தைக் காரணத்தோடு தேர்ந்திருக்கிறார்கள். அதைப் பூச்சியமாக்கினால், கதாபாத்திரம் நள்ளிரவில் தனியே நிற்கும் காட்சி, விளக்கை எரியவிட்ட ஒப்பனை அறைபோல் ஆகிவிடும். திருத்த லேயர்களை எல்லாம் ஒரே குழுவில் இட்டு, அந்தக் குழுவின் ஒப்பேசிட்டியை (ஒளிபுகாத்தன்மையை) 70 விழுக்காட்டுக்கு இறக்கிப் பாருங்கள். முகத்துக்கு மட்டும் முழுத் திருத்தமும், பின்னணிக்குக் குறைந்த திருத்தமும் கிடைக்கும்படி மாஸ்க் (திருத்தம் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று காட்டும் மறைப்பு) செய்தால் இன்னும் நல்லது. அந்த மாஸ்க்கைக் கையால், மென்மையான விளிம்புள்ள பிரஷ்ஷைக் கொண்டு, ஃப்ளோவைக் குறைத்து வரைவதே உசிதம். நிறத்தைக் கொண்டு பகுதியைத் தேரும் கலர் ரேஞ்சில் தோல்நிறத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி ஒன்று உண்டு என்றாலும், நீல ஒளியில் நனைந்த முகத்தில் அது தடுமாறும். கழுத்தையும் காதையும் மாஸ்க்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். முகமூடி அணிந்ததுபோல் முகம் மட்டும் தனி நிறத்தில் மிதக்கும் படங்கள் இணையத்தில் ஏராளம்.

மைத்துளி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. கறுப்புப் பட்டையில் எண் 16 என்றே காட்டியது. ஆகவே ஆறு படங்களையும் பிளேயரிலிருந்தே பிஎன்ஜியாக மீண்டும் எடுத்தேன். அதில் பட்டை 0 ஆக வந்ததால் லெவல்ஸ் திருத்தம் தேவைப்படவில்லை. சேனல் மிக்ஸரில் 30 விழுக்காடு பச்சையைக் கொடுத்ததும் முகத்தின் உருவம் மீண்டது. கன்னத்தில் ஹ்யூ 22 பாகை காட்டுகிறது. பின்னணியில் நீலத்தைக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறேன், அது உண்மையிலேயே அழகாக இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இரவுப் படத்தில் வெளிச்சத்தை உயர்த்தியதும் நிழலில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரிகிறது. வானப் பகுதியில் நிறம் படிப்படியாக மாறாமல் பட்டை பட்டையாக நிற்கிறது. மற்றொன்று, திருத்திய ஆறு படங்களும் இப்போது தனித்தனியே நன்றாக இருந்தாலும் அருகருகே வைத்தால் ஒரு தொகுப்பாகத் தெரியவில்லை. மங்கிய பச்சை கலந்த நீலம் நிழலிலும், வெளிர் பீச் நிறம் ஒளியிலும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நிறமாலை எழுதுகிறார்:

இரைச்சலுக்கு ஓர் அருமையான வழி உண்டு, ஆனால் காமிராவும் நடிகரும் அசையாமல் இருக்கும் ஷாட்டுக்கு மட்டுமே அது பொருந்தும். அடுத்தடுத்த எட்டு ஒன்பது ஃபிரேம்களை எடுத்து, ஃபைல் மெனுவின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியிலுள்ள லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டேக் கட்டளையின் வழியே ஒரே கோப்பில் அடுக்கி, அவற்றை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்குங்கள். பிறகு லேயர் மெனுவில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ் என்பதன் கீழுள்ள ஸ்டேக் மோடில் மீன் என்பதைத் தேர்ந்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் எல்லா ஃபிரேம்களின் சராசரி கிடைக்கும். முகம் எல்லா ஃபிரேம்களிலும் ஒன்றே; இரைச்சல் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு என்பதால் அது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கணிதப்படி ஒன்பது ஃபிரேம்களில் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். சுருக்கப்பட்ட வீடியோவில் ஒரு ஃபிரேமின் இரைச்சல் அடுத்ததற்கும் ஓரளவு நகலெடுக்கப்படுவதால் அந்த அளவுக்குக் குறையாது, ஆனாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கண் இமைத்த ஃபிரேம் ஒன்று நடுவில் கலந்துவிட்டால் இமையில் பேய்நிழல் விழும், அதை நீக்கிவிடுங்கள்.

நடிகர் அசைகிறார் என்றால் நிற இரைச்சலை மட்டும் அடக்குங்கள். காமிரா ரா வடிகட்டியில் கலர் நாய்ஸ் ரிடக்ஷனைக் கூட்டி, ஒளி இரைச்சலைப் பெரும்பாலும் அப்படியே விடுவது என் வழக்கம். சிறு மணற்பொடி போன்ற ஒளி இரைச்சல் படத்துக்கு உயிரூட்டும், முற்றிலும் மழுப்பிய முகமோ மெழுகுப் பொம்மையாகிவிடும்.

வானத்தின் பட்டைகளுக்குக் காரணம், 8 பிட் வீடியோவில் ஒரு சேனலுக்கு 256 படிகளே இருப்பதும், அவற்றுள் இருண்ட வானத்துக்குக் கிடைத்தவை மிகச் சிலவே என்பதும்தான். நீங்கள் கர்வ்ஸால் அந்தச் சில படிகளை இழுத்து அகலப்படுத்தும்போது இடைவெளிகள் வெளிப்படுகின்றன. கோப்பை 16 பிட்டுக்கு மாற்றினால் இல்லாத படிகள் பிறக்காது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பல லேயர்களின் கணக்கில் புதிய முறிவுகள் சேராமல் அது காக்கும் என்பதால் வேலையின் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள். எஞ்சும் பட்டைகளை மறைக்க, வானப் பகுதியை மட்டும் லேசாகப் பிளர் செய்து, படத்தை இறுதி அளவுக்குக் குறைத்த பின்னர் அங்கே 1 விழுக்காடு நாய்ஸை மோனோக்ரோமாட்டிக் முறையில் தூவுங்கள். அளவைக் குறைப்பதற்கு முன் தூவினால் அது கரைந்து போய்விடும்.

தொகுப்பை ஒன்றாக்குவதற்கு, எல்லாப் படங்களுக்கும் பொதுவான ஒரு சாயல் குழுவைத் தனியே செய்து, அதை மாற்றாமல் ஆறிலும் திருத்தக் குழுவுக்கு மேலே வையுங்கள். நீங்கள் கேட்கும் நிறத்துக்கு கிரேடியன்ட் மேப் போதும்: இருண்ட முனையில் பச்சை கலந்த ஆழ்நீலம், வெளிர் முனையில் பீச், கலப்பு முறை சாஃப்ட் லைட், ஒப்பேசிட்டி 20 விழுக்காட்டுக்கு அருகில். அதன்மேல் கலர் பேலன்ஸில் நிழல் பகுதியைச் சற்று சயான் பக்கம் தள்ளலாம். பகல் படத்துக்கு ஒரு எண், இரவுப் படத்துக்கு ஒரு எண் என்று இந்தக் குழுவுக்குள் கை வைக்கத் தோன்றும். அப்படித் தோன்றினால் பிழை கீழேயுள்ள திருத்தக் குழுவில் இருக்கிறது, அங்கே போய்ச் சரிசெய்யுங்கள். ஆழ்ந்த நிறத் தோல் நிழல் முனைக்கு அருகில் இருப்பதால் இந்தப் பச்சை நீலம் அதில் ஏறிக்கொள்ளும். கூர்முனை சொன்ன அதே முக மாஸ்க்கை இந்தக் குழுவிலும் சாம்பல் நிறத்தில் பயன்படுத்தினால், முகத்தில் சாயல் பாதியாக மட்டும் விழும்.

படங்கள் ஒன்றோடொன்று சேராமல் நிற்பதற்கு நிறத்தைவிட ஒளியே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆறையும் ஒரே கோப்பில் அருகருகே வைத்து, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கறுப்பு வெள்ளை லேயரைத் தற்காலிகமாக இட்டுப் பாருங்கள். எந்தப் படம் துருத்திக்கொண்டு பளிச்சிடுகிறது, எது குழிந்து கிடக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். மஞ்சள் விளக்கொளிப் படம்தான் உங்களுக்குத் தொல்லை தரும் என்று நினைக்கிறேன். அதில் காலியாக இருப்பது நீலச் சேனல் என்பதால் சேனல் மிக்ஸரில் நீலத்துக்குப் பச்சையிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கும்.

சட்டகம் எழுதுகிறார்:

வண்ணம் முடிந்துவிட்டது என்பதால் அளவையும் சேமிப்பையும் மட்டும் தொட்டுச் செல்கிறேன். வீடியோவில் நிறத் தகவல் 4:2:0 முறையில், அதாவது அகலத்திலும் உயரத்திலும் பாதியளவிலேயே பதியப்படுகிறது. 1920×1080 படத்தின் நிறம் உண்மையில் 960×540 அளவுக்கே உள்ளது. சிவப்பு ஆடையின் விளிம்புகள் பல் பல்லாகத் தெரிவது இதனால்தான். ஆகவே 1080 பிக்சல் மூலத்தை அதே அளவில் வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், பாதியாகக் குறைத்தால் ஒளியும் நிறமும் ஒரே நுணுக்கத்துக்கு வந்து படம் இறுகித் தெரியும், இரைச்சலும் தணியும். பழைய லைவ்ஜர்னல் வலைப்பதிவுத் தளக் காலத்து 100×100 பிக்சல் ஐகான்கள் மோசமான ஒளிபரப்புப் பதிவுகளிலிருந்து செய்யப்பட்டும் மிளிர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷார்ப்பன் செய்வது அளவைக் குறைத்த பிறகுதான். அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸை 0.3 முதல் 0.5 பிக்சலுக்குள் வைத்துக்கொண்டு, அளவைக் கண்ணுக்கு ஏற்பக் கூட்டுங்கள். கூந்தலைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் மிகுந்துவிட்டது.

கோப்பை இணையத்தில் பொதுவாக வழங்கும் எஸ்ஆர்ஜிபி நிற வரம்புக்கு மாற்றிச் சேமியுங்கள். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபியில் விட்டுவிட்டால், நிற விவரத்தைப் படிக்காத செயலிகளில் நீங்கள் பாடுபட்டு மீட்ட தோல்நிறம் மீண்டும் சோர்ந்து தெரியும். பிஎன்ஜி பெரிதாகிறது என்று ஜேபெக்கை நாடினால், ஃபோட்டோஷாப்பின் சேமிப்பு அளவுகோலில் 7க்குக் கீழே போக வேண்டாம், ஏனெனில் அதற்குக் கீழே நிறத் தகவல் மறுபடியும் பாதியாக்கப்படும். இதே படங்களை அசையும் ஜிஃபாகச் செய்ய நினைத்தால், அந்த வடிவத்தில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்களே உண்டு என்பதால் நீல வானத்தின் பட்டைகள் திரும்பி வரும். நிறங்களைப் புள்ளிகளாகக் கலந்து தூவும் டிஃப்யூஷன் டிதரை இயக்கி, வானம் குறைவாகத் தெரியும்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் தொடங்கிய ஆயத்த பிஎஸ்டியில் ஒரு லேயராவது இறுதிப் படத்தில் எஞ்சியிருந்தால், அதைச் செய்தவரின் பெயரைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். எதுவும் எஞ்சவில்லையென்றால் தேவையில்லை. உங்கள் சாயல் குழுவை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்துப் பகிர நினைத்தால், திருத்தக் குழுவை அதிலிருந்து நீக்கிவிட்டு, முக மாஸ்க்கின் இடத்தில் வெற்று மாஸ்க் ஒன்றை வைத்து, எடுப்பவர் தம் படத்துக்கேற்ப வரைந்துகொள்ள வேண்டும் என்று லேயரின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.